கடலைத் தொலைத்த ஸ்டேஷன்

ரயில்வேக்காரர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இரண்டு மூன்று எழுத்தில் ஒரு சுருக்கப் பெயர் வைத்திருப்பார்கள். சென்னை எழும்பூர் என்றால் எம்.எஸ். மதுரை என்றால் எம்.டி.யூ. தூத்துக்குடிக்கு என்ன தெரியுமா சார்? டி.என்.!

தமிழ்நாடு முழுவதையும் ஒரே ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களோ என்று மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டாம். டூட்டிகோரின் என்ற இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் அது. ஆனாலும் தூத்துக்குடிப் பையன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "பின்னே? சும்மாவா வச்சிருப்பான்?" என்று சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார்கள்.

காலரைத் தூக்க ஒரு காலத்தில் நிஜமாகவே காரணம் இருந்தது. இன்று மணியாச்சியில் கிளை பிரிந்து, சுமார் 30 கிலோமீட்டர் ஓடி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றுவிடுகிற லைன் இது. திருநெல்வேலி, நாகர்கோவில் போகிறவர்களுக்கு மணியாச்சியில் ஜன்னல் வழியே இடது பக்கம் தெரியும் ஒரு தண்டவாளம், அவ்வளவுதான். ஆனால் லைன் போட்டபோது கதை நேர்மாறு. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனதுதான் மெயின் லைன். திருநெல்வேலிதான் மணியாச்சியில் பிரிந்த கிளை. அண்ணன் தம்பி ஆகி, தம்பி அண்ணன் ஆன கதை. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் பி.காம். ஆகவே கொஞ்சம் வரவு செலவு கணக்கும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி இந்த லைனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1876 ஜனவரி 1-ம் தேதி. ஆனால் அதற்கு முன்பே ஒரு பெரிய மனிதர் இதில் ஓசிப் பயணம் போய்விட்டார். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர்! 1875 டிசம்பரில் இலங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார். இறங்கியவர் ரயிலேறி, நடுவில் மணியாச்சியில் நின்று, தன்னைப் பார்ப்பதற்காகவே கூடியிருந்த திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்துவர்களின் வரவேற்பை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனார். நம்மூரில் பாலம் கட்டி முடித்தாலும் மந்திரி வந்து ரிப்பன் வெட்டும்வரை ஒரு சைக்கிளைக்கூட விட மாட்டார்கள். அந்த வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

இளவரசர் வந்த வழியைக் கவனியுங்கள். கப்பலிலிருந்து இறங்கி ரயில். இந்த ஸ்டேஷன் கட்டப்பட்டதே அதற்காகத்தான். கரிசல் காட்டுப் பருத்தியைக் கொண்டுவந்து கப்பலேற்ற வேண்டும். இலங்கைக்குப் போகிற ஆட்களைக் கொண்டுவந்து கப்பலேற்ற வேண்டும். ஊருக்காகக் கட்டிய ஸ்டேஷன் என்பதைவிடக் கடலுக்காகக் கட்டிய ஸ்டேஷன் என்பதே சரி.

'போட் மெயில்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ராமேஸ்வரம் போகும் ரயில் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் அது தூத்துக்குடியின் சொத்து. மெட்ராஸ் எழும்பூரில் கிளம்பி, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு, ஏறக்குறைய 22 மணி நேரம் கழித்துத் தூத்துக்குடிக்கு வரும். அங்கே இறங்கிக் கொழும்புக்கு ஸ்டீமர் பிடிக்க வேண்டும்.

பிடிக்க வேண்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் குறைச்சல். பெரிய கப்பல் கிட்டவே வராது. கரையிலிருந்து பல மைல் தள்ளி, 'முடிந்தால் வந்து ஏறிக்கொள்' என்று நங்கூரம் போட்டு நிற்கும். ரயிலை விட்டு இறங்கியவர்கள் நீராவிப் படகில் ஏறி, அலையில் ஆடி ஆடிப் போய்க் கப்பலில் தொற்ற வேண்டும். மதியம் சாப்பிட்ட சாப்பாடு வயிற்றில் தங்கினால் அது குலதெய்வத்தின் புண்ணியம். பிறகு ஓர் இரவு கடல் பயணம். விடிந்தால் கொழும்பு.

வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் முதல் வகுப்பில் போனார்கள். அவர்களைப் போல எத்தனையோ மடங்கு பேர் கையில் ஒரு மூட்டையோடு போனார்கள். அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மணியாச்சியிலிருந்து வரும்போது நடுவில் தட்டப்பாறை என்று ஒரு சின்ன ஸ்டேஷன். உடைமரங்களும் வெயிலும் தவிர இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளர்களைத் தடுத்து வைக்கும் முகாம் இங்கேதான் இருந்தது. பிளேக், காலரா பயம். சில நாட்கள் வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற விடுவார்கள்.

அவர்களிடம் நம்மைப் போலக் காகித டிக்கெட் கிடையாது. தகரத்தில் ஒரு வில்லை. அதில் தோட்டத்தின் எண்ணையும் ஆளின் எண்ணையும் அடித்திருப்பார்கள். அதைக் காட்டினால் ரயிலில் ஏறலாம், கப்பலில் ஏறலாம், காசு கேட்க மாட்டார்கள். 'அட, பரவாயில்லையே, இலவசமா?' என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பில் தோட்டத்துக்குப் போகும். தோட்டம் அதைத் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதிவிடும். அக்கவுண்டன்ஸி பாடத்தில் பற்று, வரவு எல்லாம் நான் படித்திருக்கிறேன். ஒரு மனிதன் வேலையில் சேருவதற்கு முன்னாலேயே, அந்த ஊருக்கு வந்து சேர்ந்த குற்றத்துக்காகவே கடன்காரனாக்கும் என்ட்ரி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. மலையகத் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்களின் பாட்டன், பூட்டன் தாய்நாட்டில் கடைசியாகக் கால் வைத்தது இந்தத் தண்டவாள ஓரத்தில்தான். கல்வெட்டு, பலகை இருக்கிறதோ இல்லையோ, தட்டப்பாறையைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் வெளியே பாருங்கள்.

இனி நம்ம ஆள். வ.உ.சி.

கப்பலோட்டிய தமிழன் என்று நமக்கு ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். செக்கிழுத்தார் என்று சொன்னார்கள். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அந்தக் கம்பெனிக் கணக்கு. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற பெருந்தனக்காரர் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். தலைவர், பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைவாள், ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்று, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம்.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தைக் குறைத்தார்கள். இவரும் குறைத்தார். கடைசியில், 'காசே வேண்டாம், ஏறினால் போதும், குடையும் தருகிறோம்' என்று அவர்கள் இறங்கி வந்தது ஊரறிந்த கதை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் எல்லாம் நேற்று வந்த டெக்னிக் இல்லை சார்!

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அவர் ஜெயிலில் இருந்தபோதே, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

இதே லைனில், அதே 1911-ல், ஜூன் 17-ம் தேதி காலை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், மனைவியோடு கொடைக்கானல் போகக் கிளம்பியிருந்தார். தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தபோது வ.உ.சி.யை ஒடுக்கியவர் என்று அவர் மேல் கோபம் இருந்தது. திருநெல்வேலி வண்டி மணியாச்சிக்கு 10.38-க்கு வந்து நின்றது. அங்கே காத்திருந்து, தூத்துக்குடியிலிருந்து 10.48-க்கு வரவேண்டிய போட் மெயிலைப் பிடிக்க வேண்டும். நடுவில் இருந்தது பத்தே நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். அவருக்கு வயசு இருபத்தைந்துகூடத் தாண்டவில்லை. இன்று அந்த ஸ்டேஷனின் பெயர் வாஞ்சி மணியாச்சி. கனெக்‌ஷன் ரயிலுக்காகக் காத்திருப்பது எப்போதுமே எரிச்சலான வேலைதான். சரித்திரத்தில் இடம்பிடித்த காத்திருப்பு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் வந்தது 1914. அந்த வருஷம் பிப்ரவரியில் பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். ரயில் ராமேஸ்வரம் தீவுக்குள் போய்விட்டது. தனுஷ்கோடியில் இறங்கினால் தலைமன்னார் 20 சொச்சம் மைல்தான். அங்கிருந்து மறுபடி ரயில். ராத்திரி முழுக்கக் கடலில் ஆடிக்கொண்டு போகிறவன், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிற வழி இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பான்? கல்கத்தாவில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டியதில்லை. போட் மெயில் தன் பெயரை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தனுஷ்கோடி பக்கம் திரும்பிவிட்டது. தொழிலாளர் முகாமும் தட்டப்பாறையிலிருந்து மண்டபத்துக்குப் போனது.

தூத்துக்குடிக்காரர்கள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர்கள் ஸ்டேஷனில் எந்தக் குறையும் இல்லை. ஊழியர்கள் தப்பு செய்யவில்லை. வேறு ஓர் இடத்தில் ஒரு பாலம் கட்டினார்கள், அவ்வளவுதான். ஆபீஸில் வேலை பார்க்கிற நமக்கு இது புரியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற செக்‌ஷனை, எங்கோ ஹெட் ஆபீஸில் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தூக்கிவிடுவதில்லையா, அந்த மாதிரி.

ஜெயித்த தனுஷ்கோடியாவது வாழ்ந்ததா? 1964 டிசம்பர் புயலில் ஊரே போய்விட்டது. போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்றுகொண்டது. போட்டும் இல்லை, மெயில் என்கிற பெயர் மட்டும் ஓடுகிறது!

'சரி, தூத்துக்குடியில்தான் இப்போது பெரிய துறைமுகம் இருக்கிறதே, ஸ்டேஷனுக்குப் பழைய மவுசு திரும்பியிருக்குமே?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். 1974-ல் புதுத் துறைமுகம் மத்திய அரசின் பெரிய துறைமுகங்களில் ஒன்றானது. 2011-ல் அதற்கு வ.உ.சி. பெயரும் வைத்தார்கள். ஜெயிலுக்குப் போனவர் பெயரிலேயே துறைமுகம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை, ஊருக்கு வெளியே மீளவிட்டானிலேயே பிரிந்து போய்விடுகிறது. நிலக்கரி, உரம் என்று ஏற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டிகள் அந்த வழியாகவே போய் வருகின்றன. கடலுக்காகக் கட்டிய ஸ்டேஷனுக்குள் கடல் சரக்கு வருவதில்லை. மாமியார் வீடு பக்கத்துத் தெருவில் இருந்தும் விசேஷத்துக்குக் கூப்பிடாத கதை.

அப்படியானால் இந்த ஸ்டேஷன் இப்போது எதை ஏற்றி அனுப்புகிறது? ஊர்ப் பிள்ளைகளைத்தான். அனல்மின் நிலையம், உப்பளம், மீன்பிடி, துறைமுகம் எல்லாம் உள்ளூரிலேயே இருந்தாலும், பி.காம்., பி.இ. முடித்த பையன்கள் பெரும்பாலோர் சாயங்காலம் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இங்கேதான் வந்து நிற்கிறார்கள். சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. போட் மெயிலுக்கு 22 மணி நேரம் ஆன தூரத்தை இது ஒரு தூக்கத்தில் முடித்துவிடுகிறது. சுற்றி வளைத்துப் போகாமல் விழுப்புரம் - திருச்சி நேர் பாதையில் போவதும் ஒரு காரணம்.

பெங்களூர், மைசூர் பக்கம் வேலை கிடைத்தவர்களுக்குத் தினசரி மைசூர் எக்ஸ்பிரஸ். வாரம் ஒருமுறை குஜராத்தில் உள்ள ஓகாவுக்கு விவேக் எக்ஸ்பிரஸ். ஓகாவும் கடலோரத் துறைமுகம்தான், அந்தப் பக்கமும் உப்புதான். உப்பு உற்பத்தியில் நாட்டிலேயே முதலிடம் குஜராத், அடுத்தது தமிழ்நாடு. சம்பந்தி வீட்டுக்குப் போகிற ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் மேட்டுப்பாளையத்துக்கு வாரம் இருமுறை ஒரு ரயில் வந்தது. மதுரை, பழனி, பொள்ளாச்சி, கோவை வழி. உப்புக் காற்றில் ஏறி, ஊட்டி மலை ரயிலின் காலடியில் இறங்கலாம். அடுத்த மாதமே, பாலக்காடு - திருநெல்வேலி பாலருவி எக்ஸ்பிரஸைத் தூத்துக்குடி வரை நீட்டினார்கள். தென்காசி, செங்கோட்டை மலைப் பாதை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இத்தனை ரயில் இருந்தும் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு பகலில் சென்னைக்குப் போக குருவாயூர் எக்ஸ்பிரஸுக்கு இணைப்பு வண்டி இருந்தது. கோயம்புத்தூருக்கும் அதே மாதிரி. இங்கிருந்து பெட்டிகள் கிளம்பி, மணியாச்சியில் பெரிய ரயிலோடு கைகோத்துக்கொள்ளும். 2020-ல் கொரோனா வந்து எல்லா ரயிலையும் நிறுத்தியபோது இவையும் நின்றன. மற்ற ரயில்கள் திரும்பி வந்தன. இந்த லிங்க் பெட்டிகள் வரவில்லை. வந்தே பாரத் ரயில்களும் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நேரே பறந்துவிடுகின்றன. தூத்துக்குடி அதன் வழியில் இல்லை. வழியில் இருக்கிற ஊருக்கு ரயில் தானாக வரும். கடைக்கோடி ஊருக்கு யாராவது கேட்டு வாங்கினால்தான் வரும். பாதை இரட்டையாகிவிட்டது, கரண்ட்டும் வந்துவிட்டது. அதில் ஓட்ட ரயில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். மனு, ஆர்ப்பாட்டம், பத்திரிகைச் செய்தி என்று தூத்துக்குடிக்காரர்கள் அலுக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது பேராசையால் இல்லை. 1914-ல் ஒருமுறை கேட்காமல் விட்டுப் பட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தீபாவளி, பொங்கல், ஆகஸ்ட் 5-ம் தேதி பனிமய மாதா கோயில் திருவிழா. இந்த மூன்றுக்கும் முத்துநகரில் டிக்கெட் எடுப்பது தனிக் கலை. ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. (2024 நவம்பர் வரை 120 நாள் இருந்தது.) காலை எட்டு மணிக்குத் திறந்து, காபி ஆறுவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர் அந்த நேரத்தில் போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தால் பேச்சுக் கொடுக்காதீர்கள். மானேஜராக இருந்தாலும் சரி.

நீங்கள் வெளியூர்க்காரர், சும்மா ஊர் பார்க்கப் போகிறீர்கள் என்றால் என் யோசனை இது. காலையில் முத்துநகரில் இறங்கியதும் ஆட்டோ பிடிக்காதீர்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கிழக்கே கடலைப் பார்த்து நடையைக் கட்டுங்கள். பனிமய மாதா கோயிலைப் பார்க்கலாம். கடற்கரைச் சாலைக்குப் போனால் பழைய துறைமுகம். தோணிகள் நிற்கும். மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி என்று இன்றைக்கும் தோணியில் போகிறது. போட் மெயில் பயணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகேறியது இந்தக் கரையில்தான் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள். மழைக்காலமாக இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. ஊர் தாழ்வான இடம். பலத்த மழையில் ஸ்டேஷன் தண்டவாளமே தண்ணீருக்குள் போய்விடுவதுண்டு.

திரும்பி வரும்போது மக்ரூன் வாங்காமல் வந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மூன்றே சரக்கு. வாயில் போட்டால் காணாமல் போகும். "அண்ணாச்சி, அழுங்காம மேலே வையுங்க" என்று பக்கத்து பெர்த்காரரிடம் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து யாராவது கெஞ்சினால், அதற்குள் இருப்பது மக்ரூன்தான். முத்துநகர் எக்ஸ்பிரஸில் லக்கேஜை விட அதற்குத்தான் பாதுகாப்பு அதிகம்.

கொழும்புக் கப்பல் என்ன ஆனது? 2011 ஜூனில் மறுபடி வந்தது. 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்று பெரிய கப்பல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு. ஊரே பூரித்தது. அந்த நவம்பரிலேயே நின்றுபோனது. 2023 அக்டோபரில் இலங்கைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. தூத்துக்குடிக்கு இது பழகிப்போன ஏமாற்றம்.

மொத்தத்தில் பேலன்ஸ் ஷீட் இதுதான். 1876-ல் இந்த ஸ்டேஷனுக்குக் கொடுத்த வேலை, வருகிறவனைக் கடல் தாண்டி அனுப்புவது. அந்த வேலை போய் நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வேலை போன பிறகும் தினம் சாயங்காலம் விளக்கைப் போட்டு, பெட்டி நம்பர் போர்டை எரியவிட்டு, ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெற்றவர்கள் பிளாட்பாரத்தில் நின்று, ஏ.சி. கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும், "போனதும் போன் பண்ணுலே" என்று சத்தம் போட்டுச் சொல்கிறார்கள். தகர வில்லையோடு போனவர்களை வழியனுப்ப வந்தவர்களும் என்னமோ சொல்லித்தான் இருப்பார்கள். அப்போது போனவர்களில் திரும்பி வராதவர்கள் ஏராளம். இப்போது போகிறவர்கள் தீபாவளிக்கு வந்துவிடுவார்கள், கன்ஃபர்ம் டிக்கெட் மட்டும் கிடைத்தால்!